சாவி கைமாறும் நேரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

கணக்குத் தேர்வில் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டேன். விடை தெரியும். தூக்கத்தில் கண் செருகிவிட்டது.

பள்ளி விட்டதும் முதியோர் மையத்துக்குப் போய் அப்பாவை அழைத்து வந்தேன். இனிமேல் திங்கள், புதன், வெள்ளி இது என் வேலை. அம்மா மதியம் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்படியே மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போய்விடுவாள். அவள் வீடு திரும்ப இரவு பத்தரை ஆகும்.

மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவியாளர், "தாத்தாவைக் கூட்டிட்டுப் போக வந்தியாம்மா?" என்றார். தலையாட்டினேன். அப்பாவுக்கு அறுபத்தெட்டு, எனக்குப் பதினைந்து. ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அப்பா பக்கத்திலேயே நின்றார். கேட்டிருக்குமா? கேட்டிருந்தாலும் புரிந்திருக்குமா?

அவர்களுக்கு அங்கே உடற்பயிற்சி வகுப்பு. வட்டமாக நாற்காலிகள், தரையில் கலர் டேப் ஒட்டிய கட்டங்கள், ஒரு கூடை நிறைய பந்து. எல்லோருக்கும் மறதி நோய். நடத்துகிற அக்காவுக்கு விசிலக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் ஊதமாட்டார். முதல் நாள் ஊதினாராம். அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு, "கேட்டைப் பூட்டு, கேட்டைப் பூட்டு" என்று வாசலுக்கு ஓடினாராம். அப்பா முப்பது வருஷம் ஒரு குடோனில் இரவுக் காவல் பார்த்தவர். அன்றோடு விசிலுக்கு ஓய்வு.

மூன்று மாதம் இந்த வகுப்பு. முடிவில் டாக்டர் சோதித்துப் பார்ப்பார். அப்போதும் அப்பாவின் இரவுகள் இப்படியே இருந்தால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். அங்கே பெயர் பதிந்தாயிற்று.

இதை ஜியாமெட்ரி நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், தெருவிளக்கு வெளிச்சத்தில். அம்மா பார்க்கக்கூடாது. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். அதுவும் அம்மாவுக்குத் தெரியாது.


ஆகஸ்ட் 9, சனி

தாழ்ப்பாள் ஏன் என்று எழுதிவைத்துவிடுகிறேன். எழுதினால் குறையுமா என்று பார்க்கலாம்.

இரண்டு வருஷமாக அப்பா ராத்திரி எழுந்து ரவுண்டு போகிறார். முதலில் சமையலறை ஜன்னல், பிறகு குளியலறைக் கதவு, பிறகு என் அறை. ஒவ்வொரு கைப்பிடியையும் பிடித்து இரண்டு தடவை உலுக்குவார். கையில் பழைய இரும்பு டார்ச். அம்மா பேட்டரியை எடுத்துவிட்டாள். அது அவருக்குத் தெரியவில்லை. இருட்டில் ஸ்விட்சை மட்டும் தட்டிக்கொண்டே வருவார். டிக். டிக். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள்.

சென்ற மாதம் தாழ்ப்பாள் போடும் வழக்கம் கிடையாது. உள்ளே வந்துவிட்டார். என் கையைப் பிடித்து முறுக்கி, "யார்டா நீ? எப்படி உள்ள வந்தே?" என்றார். அப்பா நான்தான் என்றேன். என் பெயரைச் சொன்னேன். அவர் பிடி தளரவில்லை. "பேரு யார் வேணா சொல்லலாம்" என்றார். அது நியாயம்தானே? பிறகு தானாக விட்டுவிட்டுப் போய்விட்டார்.

முழங்கைக்கு மேலே நாலு விரல் பதிந்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் மறுநாளே அப்பாவை அனுப்பிவிடுவாள். என்னால் போனார் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால்— சொல்லாவிட்டால் இப்படித்தான்.


ஆகஸ்ட் 13, புதன்

சீக்கிரம் போய்விட்டேன். வகுப்பைப் பார்க்க நேர்ந்தது.

பந்து விளையாட்டு. பந்தைப் பிடிப்பவர் ஒரு காய்கறிப் பெயர் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு எறிய வேண்டும். அப்பா பிடித்தார். "பூட்டு" என்றார்.

"காய்கறி சொல்லுங்க சார்" என்றார் விசிலக்கா.

"சாவி."

பக்கத்து நாற்காலிக்காரர் முன்பு சலூன் வைத்திருந்தவர். அவர் கேட்டார், "எந்தச் சந்தையில வாங்கினீங்க? எனக்கும் கால் கிலோ வாங்கிட்டு வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சலூன்காரர் அப்பாவின் தலையைப் பார்த்து, "முடி வெட்டிக்கலாமா?" என்றார். "போன வாரம்தானே வெட்டினே" என்றார் அப்பா. ஒவ்வொரு வகுப்பிலும் இந்த இரண்டு வரியும் நடக்குமாம். ஒருநாளும் மாறாதாம்.

பயிற்சி ஏன் என்று விசிலக்காவைக் கேட்டேன். உடம்பு ஓடினால் மூளைக்கும் ரத்தம் நன்றாக ஓடும், காலும் தலையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும், அதனால்தான் நடந்துகொண்டே எண்ணச் சொல்வதும் பந்தோடு பெயர் சொல்லச் சொல்வதும் என்றார். குணமாகிவிடுவாரா என்றேன்.

"போனது திரும்பாதும்மா. இருக்கறது சீக்கிரம் போயிடாம கொஞ்சம் பிடிச்சு வைக்கலாம். அதுவும் எல்லாருக்கும் நடக்கும்னு சொல்லமாட்டேன்."

பொய் சொல்லாத பெரியவர்கள் குறைவு. அவரைப் பிடித்திருந்தது.


ஆகஸ்ட் 18, திங்கள்

விசிலக்கா எனக்கு வேலை கொடுத்துவிட்டார். தினமும் சாயங்காலம் வீட்டில் செய்யவைக்க வேண்டும்: கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, படியில் ஏறி இறங்குவது, மாடி நடையில் இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே நடப்பது. "நீதான் இனிமே வீட்டு மாஸ்டர்" என்றார்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை. எண்ணும்போது அப்பா பதினான்கில் நின்றுவிடுவார். நான் "பதி..." என்று எடுத்துக்கொடுத்தால் "மூணு" என்று முடிப்பார். எதிர்வீட்டம்மா கதவு இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, "ராக்கெட் விடறீங்களா ரெண்டு பேரும்?" என்றார்.


ஆகஸ்ட் 21, வியாழன்

டிக். டிக். இப்போதுதான் என் கதவைத் தாண்டிப் போனார்.


ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று அப்பா மூன்று மாடியையும் எங்கும் நிற்காமல் ஏறிவிட்டார். சென்ற மாதம் இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிடுவார். விசிலக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். கைதட்டும் படம் ஒன்று அனுப்பினார். இரவு அம்மாவிடம் சொன்னேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "நெசமாவா? நிக்காமலா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் இல்லை.

முன்பெல்லாம் ஒரு ரவுண்டு முடித்ததும் களைத்துப் படுத்துவிடுவார். நேற்று நான்கு முறை வந்தார். கைப்பிடியை உலுக்கியபோது தாழ்ப்பாளின் ஆணியே ஆடியது. இந்தக் காலையும் கையையும் பலமாக்கிக்கொண்டிருப்பது யார்? நான்தான். சாயங்காலம் பயிற்சி கொடுத்து, ராத்திரி அவருக்கே பயந்து கட்டிலுக்கடியில் ஒதுங்குகிறேன். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.


ஆகஸ்ட் 27, புதன்

இன்று பயிற்சி செய்யவில்லை. டிவியைப் போட்டு உட்காரவைத்தேன்.

அம்மா வந்ததும், "எக்சர்சைஸ் ஆச்சா?"

"ஆச்சு."

அவ்வளவு சுலபமாக வந்தது.


ஆகஸ்ட் 28, வியாழன்

"ஆச்சா?"

"ஆச்சு."


செப்டம்பர் 4, வியாழன்

எழுதாமல் விட்டாலும் இருக்கத்தான் செய்கிறது, அதனால் எழுதுகிறேன். அப்பா போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சாகவேண்டும் என்று இல்லை. இல்லத்துக்கு. அங்கே இரவிலும் ஆட்கள் விழித்திருப்பார்களாம். யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அவருக்குப் பயப்படட்டும்.

நான் கெட்ட பொண்ணா? தெரியல. எனக்குத் தூங்கணும். அவ்வளவுதான். ஒரே ஒரு ராத்திரி முழுசா தூங்கணும்.


செப்டம்பர் 9, செவ்வாய்

டிவியில் சமையல் ஓடுகிறது, அப்பா பார்ப்பதில்லை. டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரைப் பார்க்கிறார். சாப்பிடும்போது ஸ்பூனைத் தூக்கியவர் பாதியில் அதைப் பிடித்தபடியே இருந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து வாய் வரை கொண்டுபோனேன். கை லேசாக இருந்தது.

கால் தளர்ந்திருக்கிறது. நான் நினைத்தது நடக்கிறது. ஆனால் ரவுண்டு நிற்கவில்லை. ராத்திரி வருகிறார், முன்பைவிட மெதுவாக. காலைத் தூக்கிவைக்காமல் இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டால் இன்னும் பயமாக இருக்கிறது. வேகமாக வந்தால் வேகமாகப் போய்விடுவார். இப்போது என் கதவுக்கு வெளியே ரொம்ப நேரம் நிற்கிறார்.


செப்டம்பர் 15, திங்கள்

அப்பா விழுந்துவிட்டார்.

ராத்திரி ரவுண்டில். நடையில் செருப்பு வைக்கும் அலமாரியில் கால் தட்டி முன்பக்கமாக. சத்தம் கேட்டது. நான் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. அம்மா எழுந்து ஓடி வந்து கத்திய பிறகுதான் திறந்தேன். எவ்வளவு நேரம்? தெரியாது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிடவே இல்லை. டிக் டிக் என்று ஸ்விட்சைத் தட்டிக்கொண்டிருந்தார்.

புருவத்துக்கு மேல் தையல். எலும்பு ஒன்றும் உடையவில்லை. மருத்துவமனையில் டாக்டர், "பயிற்சி பண்றவராச்சே, எப்படி விழுந்தார்?" என்று கேட்டார். அம்மா, "என் பொண்ணு தினமும் பண்ண வைக்கறா டாக்டர்" என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரை ரொம்பச் சுத்தமாக இருந்தது.


செப்டம்பர் 17, புதன்

விசிலக்கா கண்டுபிடித்துவிட்டார்.

அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னார். இரண்டாவது தடவையே கை ஊன்றினார். ஆகஸ்டில் ஊன்றவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னைப் பந்துக் கூடை இருக்கும் அறைக்கு அழைத்துப் போனார்.

"எத்தனை நாளா விட்டே?"

"ரெண்டு வாரம். இல்ல, மூணு."

திட்டுவார் என்று நினைத்தேன். "பரீட்சையா?" என்றார். இல்லை என்றேன். "சலிச்சுப் போச்சா?" இல்லை. பிறகு அவர் பேசவில்லை. தரையில் கிடந்த பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அப்படிச் சும்மா இருந்தால் நான் என்ன செய்வது?

"அவரு கால் நல்லாயிடுச்சுன்னா ராத்திரி என் ரூமுக்கு வருவாரு. வந்தா என்னைத் தெரியாது. என் கையைப் பிடிச்சு முறுக்கினாரு. எனக்குப் பயம்மா இருக்கு. எங்கப்பாவுக்கு நான் பயப்படறேன், போதுமா?"

கத்திவிட்டேன். வெளியே அந்த உதவியாளருக்குக் கேட்டிருக்கும். தாத்தா இல்லை, அப்பா என்று அவருக்கும் இப்போது தெரிந்திருக்கும்.

விசிலக்கா பந்தை வைத்துவிட்டு, "இதை யார்கிட்டயாவது சொன்னியா?" என்றார். இல்லை. "எத்தனை மாசமா?" சொன்னேன். "வீட்ல பண்ண வைன்னு உங்கிட்ட சொன்னேன். வீட்ல ராத்திரி எப்படியிருக்குன்னு நான் கேட்கவே இல்ல. அது என் தப்பு. ஆனா உங்க அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லணும். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீங்க."

பிறகு ராத்திரி அப்பா என்னென்ன செய்கிறார் என்று வரிசையாகக் கேட்டார். ஜன்னல், குளியலறை, என் கதவு. கடைசியில்? கடைசியில் வாசல் கதவுக்குப் போய் நிற்பார். சாவிக்கொத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். பிறகு மறுபடி முதலிலிருந்து.

"எதுக்கு நிக்கறார்?"

தெரியவில்லை. கதவிடுக்கில் எவ்வளவோ தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை.


செப்டம்பர் 18, வியாழன்

அம்மா இன்று லீவு போட்டாள். என் முழுக்கையை மடித்துவிட்டுப் பார்த்தாள். அடையாளம் எப்போதோ மறைந்துவிட்டது. மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி சொல்லல?"

"நீ அனுப்பிடுவே."

"அனுப்பாம? உன்னை முறுக்க விட்டுட்டு நான் அங்க பெட்ஷீட் துவைச்சுக்கிட்டு இருக்கணுமா?" பிறகு குரல் இறங்கியது. "இல்லத்துலேர்ந்து போன் வந்துச்சு. அடுத்த மாசக் கடைசியில ஒரு படுக்கை காலியாவுதாம். வேணுமா வேணாமான்னு அதுக்குள்ள சொல்லணும்."

வேண்டும் என்று சொல்லலாம் என நினைத்தேன். அதற்குப் பதிலாக, சாவியை ஏன் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று கேட்டேன்.

அம்மா உடனே சொல்லிவிட்டாள். அவளுக்கு அதெல்லாம் விஷயமே இல்லை. "பகல் ஆள் வரணும்ல. அவன் வந்து சாவியையும் டார்ச்சையும் கையில வாங்கினாத்தான் இவரு கேட்டை விட்டு நகரலாம். அதான் அங்க சட்டம். அந்த ஆள் லேட்டா வந்தா இவரும் லேட்டு. நீ பொறந்த அன்னிக்கு அந்தப் பாவி வரவே இல்ல. எனக்கு விடியக்காலையில வலி எடுத்துடுச்சு. இவரு மத்தியானம் வர்றாரு, வேர்த்து விறுவிறுத்து. சாவியை யார்கிட்டயாவது குடுத்துட்டு வந்திருக்கக் கூடாதான்னு கேட்டேன். 'யார்கிட்டயாவது எப்படிடீ குடுக்கறது'ங்கறாரு. பதினஞ்சு வருஷமா அதுக்கு நான் திட்டிக்கிட்டிருக்கேன்."

அப்படியென்றால் அப்பா ராத்திரி திருடனைத் தேடவில்லை. மாற்று ஆளுக்குக் காத்திருக்கிறார். ஆள் வரவில்லை. அதனால் ஷிப்ட் முடியவில்லை. முடியாததால் மறுபடி ரவுண்டு.

இரண்டு வருஷமாகவா?


செப்டம்பர் 19, வெள்ளி

விசிலக்காவிடம் சொன்னேன். "அப்படின்னா எண்ணிக்கிட்டு நடக்கறதை விட்டுடு. ரவுண்டையே பயிற்சியா ஆக்கிடலாம்" என்றார். சாப்பிட்டதும் நான் கூடவே நடக்க வேண்டும். எல்லாக் கதவும், மாடிப்படி மூன்றும், கீழே கேட் வரைக்கும். ஒவ்வொரு கதவிலும் அது யார் வீடு என்று அப்பா சொல்ல வேண்டும். பூட்டியாயிற்றா இல்லையா என்றும். கால், கை, தலை மூன்றுக்கும் வேலை. "வேர்க்கணும். சும்மா உலாத்தக் கூடாது."

அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்: ராத்திரி அவர் படுக்கும் அறையில் கதவோரம் அவள் படுப்பாள், அவர் எழுந்தால் தெரிவதற்கு. "தூக்கம் போனா போகட்டும், சலவை மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டே தூங்கிக்கறேன்."


செப்டம்பர் 22, திங்கள்

ரவுண்டு நன்றாகத்தான் போனது. அப்பா என்னைவிட வேகம். கீழ்வீட்டுக் கதவை உலுக்கியதில் அங்கே நாய் குரைத்தது. "நாய் வெச்சிருக்கான், கெட்டிக்காரன்" என்றார்.

திரும்பி வந்து வாசல் கதவுக்கு உள்ளே நின்றார். சாவியைக் கழற்றினார். நான் கையை நீட்டி, "சாவியைக் குடுங்கப்பா. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

சாவியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "யாரும்மா நீ? இந்நேரத்துல இங்க என்ன வேலை? வீட்டுக்குப் போ, தேடுவாங்க."

இதை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துவிட்டார்.


செப்டம்பர் 23, செவ்வாய்

வேதியியல் வகுப்பில் பாதியில் புரிந்தது. நான் உள்ளே நின்று கேட்டேன். மாற்று ஆள் வெளியிலிருந்து வருவான். காவல் காக்கும் இடத்துக்குள்ளேயே நிற்கிற ஒருத்தி சாவியைக் கேட்டால் எந்தக் காவல்காரன் கொடுப்பான்? கொடுக்காததுதான் சரி. அப்பா தன் வேலையைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.


செப்டம்பர் 24, புதன்

அப்பாவின் பழைய காக்கித் தொப்பி பீரோவின் மேல் இருந்தது. தூசு தட்டிப் போட்டுக்கொண்டேன். காது வரை இறங்கிவிட்டது. ரவுண்டு முடிந்து அவர் வாசலுக்கு வந்ததும் நான் நைசாக வெளியே நழுவிக் கதவைச் சாத்திக்கொண்டேன். எதிர்வீட்டம்மா குப்பை வைக்க வந்தவர், "என்னடி வேஷம் இது? நாடகமா?" என்றார். உதட்டில் விரல் வைத்தேன்.

கதவைத் தட்டினேன்.

"யாரது?"

"பகல் ஆள் வந்திருக்கேன்." குரலைத் தடியாக்கினேன். ஆம்பளைக் குரலாக வரவில்லை, ஜலதோஷம் பிடித்தவன் மாதிரிதான் வந்தது.

கதவு திறந்தது. அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். கையைப் பிடிப்பாரோ என்று ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்றார்.

"பஸ் கிடைக்கல."

"தினமும் இதே கதை." சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்தார். டார்ச்சையும். "எல்லாம் பூட்டியாச்சு. கீழ ஒரு நாய் இருக்கு, நம்ம நாய்தான், அடிச்சிடாதே."

"சரி. நீங்க போகலாம்."

போனார். நேராகப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். நான் தொப்பியோடு நடையில் நின்றேன். எதிர்வீட்டம்மா இன்னும் குப்பைப் பையோடு நின்றுகொண்டிருந்தார்.


செப்டம்பர் 25, வியாழன்

ஒரு தடவைகூட எழவில்லை என்கிறாள் அம்மா. நான்தான் விழித்திருந்தேன், டிக் டிக் வருமா வருமா என்று.


செப்டம்பர் 29, திங்கள்

நேற்று கொடுக்கவில்லை. "உன் முகம் சரியில்ல, ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் தருவேன்" என்றார். ராத்திரி மூன்று ரவுண்டு. அம்மா பின்னாலேயே போனாளாம். எல்லா நாளும் நடக்காது என்று விசிலக்கா முன்பே சொல்லியிருந்தார்.


அக்டோபர் 8, புதன்

டார்ச்சுக்குப் பேட்டரி வாங்கிப் போட்டேன். கைமாறிய பிறகு அது ராத்திரி முழுக்க என்னிடம்தானே இருக்கிறது. இதை அந்த வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். தெருவிளக்கைவிட நல்ல வெளிச்சம்.

தாழ்ப்பாள் இன்னும் போடுகிறேன். அம்மாவுக்கு இப்போது தெரியும்.


அக்டோபர் 20, திங்கள்

சோதனை நாள். அப்பா நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். டாக்டர் போதும் என்றும் நிறுத்தவில்லை. நடையும் நன்றாக இருக்கிறதாம். பிறகு கேள்விகள். என்ன கிழமை? தெரியவில்லை. மூன்று சொல் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்கள். ஒன்று சொன்னார். ஜூலையில் சோதித்தபோதும் ஒன்றுதான். கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் போட்டு, எண்களையெல்லாம் ஒரே பக்கம் நெருக்கிவைத்தார். ஜூலையில் வட்டமே போடவில்லை.

அம்மா, "அவ்ளோதானா டாக்டர்?" என்றாள். வெளியே வந்து விசிலக்காவிடமும் அதையே கேட்டாள்.

"இந்த வியாதியில மூணு மாசம் கழிச்சு அதே இடத்துல நிக்கறதே பெரிசு" என்றார் விசிலக்கா. "ராத்திரி எப்படி?"

அம்மா என்னைப் பார்த்தாள். "வாரத்துல நாலு, அஞ்சு நாள் தூங்கறார்." கொஞ்சம் நிறுத்தி, "நானுந்தான்" என்றாள்.


அக்டோபர் 24, வெள்ளி

அம்மா என்னைக் கேட்டாள். இல்லத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. "நீ சொல்லு. பயமா இருந்தா இருக்குன்னு சொல்லு. உன்னாலதான் அவர் போனார்னு ஆகாது. நான் ஒரு முடிவு எடுக்கணும், அதுக்குக் கேக்கறேன்."

"பயம் இருக்கு. ஆனா முன்ன மாதிரி இல்ல."

"எவ்ளோ குறைஞ்சிருக்கு?"

அதற்கு என்ன அளவு? தெரியவில்லை என்றேன். அம்மா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.


அக்டோபர் 29, புதன்

அம்மா வேண்டாம் என்று சொன்ன அந்தப் படுக்கை சலூன்காரருக்குப் போய்விட்டதாம். அவர் மகன் உடனே சரி என்று சொல்லிவிட்டானாம். வட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. விசிலக்கா அதை எடுக்கவில்லை.

பந்து அப்பாவிடம் வந்தது. காய்கறி எதுவும் சொல்லவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தார். தலையைத் தடவிக்கொண்டார். "முடி வளர்ந்துடுச்சு" என்றார்.


நவம்பர் 3, திங்கள்

ரவுண்டு. மழை பெய்ததால் படியெல்லாம் ஈரம். அப்பா எனக்கு முன்னால் இறங்கி, திரும்பி நின்று, "பார்த்து வா" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாது.

வெளியே போய்த் தட்டினேன். திறந்தார். இப்போதெல்லாம் தொப்பிகூட வேண்டியதில்லை, என் முகம் அவருக்குப் பழகிவிட்டது. மகளாக இல்லை, பகல் ஆளாக. சாவியைக் கொடுத்தார். டார்ச்சைக் கொடுத்தார். வழக்கமாக அத்தோடு போய்விடுவார். இன்று நின்றார்.

"தம்பி, நாளைக்கு லேட் பண்ணாதே."

"சரிங்க."

"எனக்கு வீட்ல ஒரு பொண்ணு இருக்கு. அது ராத்திரியில பயப்படும். தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு முழிச்சிக்கிட்டே கிடக்கும். நான் போய்ச் சேர்ந்தாத்தான் தூங்கும்."

நான் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தேன். மாடி விளக்கு அணைந்துவிட்டது. அது தானாக அணையும், அசைந்தால்தான் மறுபடி எரியும். நான் அசையவில்லை.

"நேரத்தோட வந்துடறேன்" என்றேன். "நீங்க வீட்டுக்குப் போங்க."

போனார்.

என் அறைக்கு வந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.


நவம்பர் 5, புதன்

நேற்று எழுதவில்லை. தூங்கிவிட்டேன்.